ஆசிரியரில்லாப் படிப்பும் அருகிலிருக்கும் துணையும்

ஓட்டப்பிடாரம் என்ற பெயரைக் கேட்டவுடன் உங்கள் நினைவுக்கு வருபவர் கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரனார். தூத்துக்குடிக்கு வடமேற்கே கரிசல் பூமியில் அமைந்த அவ்வூரில் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அவர் பிறந்தார். ஆங்கிலேயரின் கப்பல் கம்பெனி ஏகபோகம் செலுத்திய கடலில் 1906-ஆம் ஆண்டு அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தபோது, இரண்டு இலட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கித் தோள் கொடுத்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வணிகர். இச்செய்தி நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தெரியும்? அது தனியே எழுதவேண்டிய வரலாறு. நான் சொல்ல வந்தது வேறு. இராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 1908 முதல் 1912 வரை சிறையில் வாடிய அப்பெருமகனார், செக்கிழுத்த அதே கைகளால் நூல்களையும் புரட்டினார். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலைத் தமிழாக்கினார். தம் வாழ்க்கை வரலாற்றைச் செய்யுளாக எழுதத் தொடங்கினார். எந்தக் கல்லூரியும் அவருக்கு அங்கே வகுப்பு நடத்தவில்லை.

ஓட்டப்பிடாரத்திற்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் இன்னொரு பெருமகனாரையும் நாம் மறந்துவிடலாகாது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அவர்கள், எட்டயபுர அவைக்களப் புலவராயிருந்த கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றார்கள். ஆசிரியர் இந்து, மாணவர் முஸ்லிம். அண்ணல் நபிகளாரின் வரலாற்றைக் காப்பியமாகப் பாட எண்ணியபோது, அரபு மூலங்களின் செய்தி அவர்களுக்குத் தேவைப்பட்டது. வள்ளல் சீதக்காதி அவர்களின் வழிகாட்டுதலின்பேரில் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடிச் சென்றதாகவும், தொடக்கத்தில் அவர்கள் தயங்கியதாகவும், பின்னர் பரங்கிப்பேட்டையிலிருந்த அவர்களின் மாணவரிடம் வேண்டிய செய்திகளைக் கேட்டு அறிந்ததாகவும் வழிவழியாகக் கூறப்பட்டு வருகிறது. கவனியுங்கள்: இவ்வரலாற்றில் எங்கும் ஒரு கல்வி நிறுவனம் இல்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதர் இருக்கிறார்.

இவ்விருவரையும் இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. பள்ளிக்கூடமும் கல்லூரியும் இல்லாமலேயே, கணினி வழியாகவும் கைபேசி வழியாகவும் தாமாகக் கற்கலாம் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. ஆசிரியர் வேண்டாம், கட்டடம் வேண்டாம், கட்டணம் வேண்டாம், உலகின் அறிவெல்லாம் உள்ளங்கையில் உள்ளது என்கிறார்கள். மறுபுறம், அந்தக் கருவியே பிள்ளைகளைக் கெடுக்கிறது, பூட்டி வையுங்கள் என்பாரும் நம் ஜமாஅத்துகளில் உண்டு. இவ்விரு கூற்றுகளுக்கும் இடையில் சிக்கியிருப்பவள் யார் தெரியுமா? உங்கள் வீட்டு மகள்தான்.

பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ படிப்பு நின்றுபோன பெண்பிள்ளைகள் நம்முள் இன்னும் எத்தனையோ பேர். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்களுக்கென்றே கல்லூரி வந்துவிட்டது; அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உள்நாட்டுச் சிற்றூர்களில் வாழ்பவர்களின் நிலை வேறு. பேருந்தேறித் தூத்துக்குடிக்கோ கோவில்பட்டிக்கோ போய்வர வேண்டும் என்றதும், "வாப்பா சபரில் இருக்கிறார், யார் கொண்டுபோய் விடுவது?" என்ற கேள்வி எழுகிறது. அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. மாப்பிள்ளை பார்க்கும் காலம்வரை, ஆண்டுக்கணக்கில், அப்பிள்ளை அடுக்களைக்கும் முற்றத்திற்கும் நடந்துகொண்டிருக்கிறாள். அவ்வீட்டில் வாப்பா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கைபேசி ஒன்று இருக்கிறது. அதில் தம்பி விளையாடுகிறான். அவளுக்கு அது கிடைப்பது, உம்மா உறங்கிய பின்னரோ யாரும் பாராத வேளையிலோதான்.

இது நம் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒரு பங்கினரே. ஆண்களிலோ பாதிக்கு மேற்பட்டவர்கள். தாமாகக் கற்கும் வழி திறந்திருக்கிறது என்று சொல்லும்போது, அது யாருக்குத் திறந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டுமல்லவா?

சுவரில் ஒரு துவாரம்

தாமாகக் கற்றல் என்பதைச் சோதித்துப் பார்த்தவர்களுள் மிகவும் பெயர் பெற்றவர் சுகதா மித்ரா என்ற இந்திய விஞ்ஞானி. 1999-ஆம் ஆண்டு ஜனவரியில், புதுடில்லி கால்காஜிப் பகுதியில் தம் அலுவலகச் சுவரில் ஒரு துவாரமிட்டு, அப்பாலிருந்த குடிசைப் பகுதியை நோக்கி ஒரு கணினியைப் பொருத்தினார். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அப்பகுதிப் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் அதை இயக்கப் பழகினர். அதன் பின்னர் நாட்டின் பல இடங்களில் இவ்வாறு கணினிகள் வைக்கப்பட்டன.

இவற்றுள் தமிழர்களாகிய நாம் சிறப்பாக அறியவேண்டியது காளிக்குப்பம் என்ற தமிழ் பேசும் சிற்றூரில் நடந்த சோதனையாகும். மித்ரா அவர்களும் ரித்து டங்வால் என்ற ஆய்வாளரும் அதைப்பற்றி எழுதிய கட்டுரை 2010-இல் வெளிவந்தது. இம்முறை தோற்கத்தான் செய்யும் என்று எண்ணியே அதைத் தொடங்கியதாக மித்ரா பின்னர் கூறினார். ஆங்கிலம் சரளமாக அறியாத 10 முதல் 14 வயதுத் தமிழ்ப் பிள்ளைகள், ஆங்கிலத்திலேயே உள்ள மூலக்கூற்று உயிரியலைத் தெருவோரக் கணினியின் முன் நின்று தாமாகக் கற்க முடியுமா? 26 பிள்ளைகளிடம் பாடங்களைக் காட்டிவிட்டு அவர் புறப்பட்டுவிட்டார்.

இரண்டு திங்கள் கழித்து வந்து கேட்டபோது, ஒன்றும் விளங்கவில்லை என்றனர் பிள்ளைகள். பிறகு ஏன் நாள்தோறும் பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு ஒரு சிறுமி எழுந்து, உயிரணுவிலுள்ள மூலக்கூறு தன்னைப் படியெடுக்கும்போது தவறு நேர்ந்தால் பரம்பரை நோய் வரும் என்பதைத் தவிர வேறொன்றும் புரியவில்லை என்று சொன்னாளாம்! முதலில் நூற்றுக்குச் சுழியமாக இருந்த மதிப்பெண் முப்பதாக உயர்ந்திருந்தது. அருகிலிருந்த அரசுப் பள்ளியில் ஆசிரியரிடம் அப்பாடத்தைப் படித்த பிள்ளைகளுக்கு இவர்கள் ஒப்பாக நின்றனர்.

முப்பது மதிப்பெண் வியப்புக்குரியதுதான். ஆனால் அது தேர்ச்சியன்று. அந்த இடத்தில்தான், என் கருத்தில், இச்சோதனையின் உயிர்நாடி உள்ளது. மித்ரா அவ்வூரில் ஓர் ஆசிரியரைத் தேடினார், கிடைக்கவில்லை. பிள்ளைகளோடு நட்பாயிருந்த 22 வயதுப் பெண் ஒருவர் அங்கே கணக்கு எழுதும் பணியில் இருந்தார். அவருக்கு உயிரியல் தெரியாது. "தெரியாவிட்டால் என்ன? நம் வீட்டுப் பாட்டிமார் செய்வதைச் செய்யுங்கள்" என்ற பொருளில் அவரிடம் கேட்டுக்கொண்டார் மித்ரா. பிள்ளைகளின் பின்னால் நிற்பது. அவர்கள் எதையேனும் செய்தால் வியப்பது. இதை எப்படிக் கண்டுபிடித்தாய், அடுத்தது என்ன என்று வினவுவது. அவ்வளவே. மேலும் இரண்டு திங்களில் மதிப்பெண் ஐம்பதாயிற்று. தகுதிபெற்ற ஆசிரியர்களிடம் ஆங்கிலத்தில் அப்பாடத்தைக் கற்ற டில்லி தனியார் பள்ளி மாணவர்களுக்கு அது சமமாக இருந்தது.

அந்தப் பெண் கற்பித்தது என்ன? ஒன்றுமில்லை. அவர் அருகில் இருந்தார்.

முத்துக் குளிப்பைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. கல்லைக் கட்டிக்கொண்டு கடலின் அடிக்குச் செல்பவன், கயிற்றின் மறுமுனையைப் பிடித்துத் தோணியில் நிற்பவனை நம்பியே மூச்சடக்குகிறான். தன் தங்கை விதவையாகிவிடக் கூடாதே என்ற எண்ணத்தில் எச்சரிக்கையாகப் பிடிப்பான் என்பதால், மைத்துனனிடமே கயிற்றைக் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. மேலே நிற்பவனுக்குச் சிப்பி எங்கே கிடக்கிறது என்று தெரியாது; தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

நாணயத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. 26 பிள்ளைகளைக் கொண்ட ஒரு சோதனையை வைத்துக் கொண்டு பள்ளிகளை மூடிவிடலாம் என்று எவரேனும் சொன்னால் அதை நம்பாதீர்கள். டில்லித் தெருவில் வைத்த கணினியைப் பார்வையிட்ட அமெரிக்க ஆய்வாளர் மார்க் வார்ஷாவர், பிள்ளைகள் பெரும்பாலும் படம் வரைவதிலும் விளையாட்டிலுமே பொழுது போக்கினர், அவர்களின் தாய்மொழியில் பாடங்கள் இல்லை என்று எழுதினார். உத்தரகண்ட் மாநிலத்து அல்மோராவிலும் ஹவல்பாகிலும் இத்தகைய நிலையங்களைத் தேடிச் சென்ற பாயல் அரோரா, அவை செயலற்றுக் கிடந்ததை 2010-இல் வெளியிட்டார். தெருமுனைக் கணினியைச் சூழ்ந்து நின்றவர்களுள் ஆண்பிள்ளைகளே முந்திக்கொண்டனர் என்ற குறையும் கூறப்பட்டது. பொதுவிடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அனைவருக்கும் சமவாய்ப்பு என்று சொல்வது எளிது. நம் பெண்பிள்ளைகள் அந்த வரிசையில் எங்கே நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

தங்கைக்குச் சொன்ன கணக்கு

உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஓர் இலவசக் கல்வித் தொண்டு எங்கே தொடங்கியது தெரியுமா? ஒரு குடும்பத்திற்குள். சல்மான் கான் என்பவர் (திரைப்பட நடிகர் அல்லர், வேறொருவர்) வங்காளதேசத்தின் பாரிசால் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்தவர். நாதியா என்ற அவருடைய ஒன்றுவிட்ட தங்கைக்குக் கணக்கு வரவில்லை. 2004-இல், வேறு நகரத்திலிருந்த அப்பிள்ளைக்குத் தொலைபேசியிலும் கணினியிலும் பாடம் சொல்லத் தொடங்கினார். மற்ற உறவுப் பிள்ளைகளும் கேட்கவே, 2006-இல் பாடங்களைக் காணொளிகளாகப் பதிந்து யூடியூபில் இட்டார். 2009-இல் நிதி நிறுவன வேலையையே விட்டுவிட்டு அதில் முழுமையாக இறங்கினார். அதுவே இன்றைய கான் அகாடமி. அண்ணன் தங்கைக்குச் சொன்ன கணக்கு ஊருக்கும் உலகுக்கும் பயன்பட்டது.

பல்கலைக்கழகங்களின் கதை வேறு வகையானது. அமெரிக்காவின் புகழ்மிக்க எம்.ஐ.டி. நிறுவனம் தன் பாடக்குறிப்புகளை எல்லார்க்கும் இலவசமாகத் திறந்துவிடப் போவதாக 2001-இல் அறிவித்தது. 2008-இல் கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் ஆகிய இருவர் மானிடோபா பல்கலைக்கழகத்தில் 25 பேர் கட்டணம் செலுத்திச் சேர்ந்த ஒரு வகுப்பின் கதவை உலகுக்கே திறந்துவைத்தனர். இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் இலவசமாக வந்து சேர்ந்தனர். அங்கே ஆசிரியர் ஒருவர் உரைக்கப் பிறர் கேட்கும் முறை இல்லை. கற்பவர்களே தங்களுக்குள் குழுக்கள் அமைத்து, எழுதி, விவாதித்து, ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டனர். 2011-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரும் அவருடைய நண்பரும் நடத்திய செயற்கை நுண்ணறிவு வகுப்பில் 1,60,000 பேர் பெயர் பதிந்தனர். இறுதிவரை நின்றவர்கள் ஏறத்தாழ ஏழில் ஒருவரே. ஏனையோர் அறிவற்றவர்களா? அல்லர். பாதியில் நிறுத்தினால் "ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்க அருகில் ஒருவருமில்லை.

அதன்பின் பெருநிறுவனங்கள் புகுந்தன. இலவசமாக இருந்தவற்றுக்குக் கட்டணச் சான்றிதழ் வந்தது. நம் நாட்டிலும் குழந்தைகளின் படிப்பைக் காட்டிப் பெற்றோரிடம் பெருந்தொகை வாங்கிய கம்பெனிகள் எழுந்தன. விளம்பரங்களில் நாடெங்கும் முழங்கிய பைஜூஸ் நிறுவனம் 2024-இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. எனவே, ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் எந்த விற்பனையாளரிடமும் அவசரப்பட்டுக் கையொப்பமிடாதீர்கள். பணம் இல்லாமலேயே பெறக்கூடியவை நிரம்ப உள்ளன.

திண்ணையும் தைக்காவும்

"நிறுவனத்தின் பிடியில் இல்லாத கல்வி" என்று மேலைநாட்டார் புதுமையாகப் பேசுவதைக் கேட்கும்போது எனக்குச் சற்றுச் சிரிப்பு வருகிறது. நம் மார்க்கத்தின் முதற் கல்விக்கூடம், மதீனாப் பள்ளிவாசலை ஒட்டிய திண்ணையன்றோ? வீடு வாசலற்ற தோழர்கள் அங்கே தங்கி, அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கற்றனர். பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள் எழுத்தறிந்தவர்கள், பிணைத்தொகைக்கு மாறாக மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர் என்பதும் வரலாறு. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி அளித்ததை ஹதீஸ் நூல்கள் குறிப்பிடுகின்றன. கட்டடமும் பட்டமும் பிற்காலத்தவை. பாக்தாதில் நிஜாமிய்யா மதரஸா திறக்கப்பட்டது 1067-இல்தான். அதற்கு முன்னும் பின்னும், இஜாஸா என்னும் அனுமதிச் சான்றை வழங்கியவர் ஆசிரியரே, மதரஸா அன்று. இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற ஆள்வரிசையே சான்று. அதே நூற்றாண்டில் மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா என்ற பெண்மணி ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்துக் கொண்டிருந்தார்கள். பாக்தாதின் பேரறிஞர் கதீப் அல்பக்தாதி அவர்கள் அப்பெண்மணியிடம் அமர்ந்து அந்நூலைப் பயின்று சென்றார்கள்.

அவ்வளவு தொலைவு போவானேன்? தூத்துக்குடிக்குத் தெற்கே காயல்பட்டினத்திற்கு வாருங்கள். அங்குள்ள பெண்கள் தைக்காக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண்கள் கூடித் தொழவும், ஓதவும், மார்க்க விளக்கம் கேட்கவும் அமைந்த இடங்கள் அவை. மகளுக்கு உம்மாவும், உம்மாவுக்குப் பெத்தாவும் ஓதிக்கொடுத்த வரிசை அறுபடாமல் வந்திருக்கிறது. தமிழைப் பேசத் தெரிந்து, ஓதப் பள்ளியில் அரபு எழுத்தை மட்டும் பழகிய பெண்களுக்காகவே போல், அரபுத்தமிழ் என்ற எழுத்துமுறையும் இக்கரையில் தழைத்தது. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) ஃபத்ஹுத் தய்யான் முதலிய மார்க்க நூல்களை அவ்வெழுத்தில் இயற்றினார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்ணும் வீட்டிலிருந்தபடியே மார்க்கச் சட்டங்களை வாசித்தறிந்தாள். இன்றைய மொழியில் சொல்வதானால், கற்பவளின் கையில் ஏற்கெனவே இருந்த கருவிக்கு ஏற்பப் பாடத்தை மாற்றிக் கொடுத்தார்கள் அப்பெரியார்.

இதை நான் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. தைக்காவில் கணிதமும் அறிவியலும் கற்பிக்கப்படவில்லை என்பது உண்மை. பெண்பிள்ளையின் படிப்பு ஓதுவதோடு முடிந்தது என்று நம் முன்னோர் பலர் நிறுத்திக்கொண்டதற்கும் அதுவே சாக்காயிற்று. ஆயினும், நாலைந்து பெண்பிள்ளைகள், ஒரு பெரியவர், அக்கம்பக்கத்து வீடு, குறித்த நேரம் என்ற அந்த அமைப்பு இருக்கிறதே, அதைத்தான் காளிக்குப்பத்தில் மித்ரா பெருமுயற்சியுடன் கண்டுபிடித்தார்.

கொரோனாக் காலமும் இதையே காட்டியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின் தொலைக்காட்சியும் கைபேசியும் பாடம் சொல்லின, பிள்ளைகள் பின்தங்கினர். 2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. மாலையில் ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம், தெருப் பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கற்பித்த தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஊரடங்கில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கைத் தமிழகப் பிள்ளைகள் பள்ளி திறந்த ஆறு திங்களுக்குள் மீட்டனர் என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் பொருளாதார அறிஞர்களின் ஆய்வு தெரிவித்தது. அரசுத் திட்டமாயினும், அதன் உயிர் அடுத்த வீட்டு அக்காவிடம் இருந்தது.

எதைக் கற்பது, யாரை நம்புவது?

தமிழில் ஒன்றுமில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தமிழ் இலக்கியங்கள் பல, ஊதியமின்றி உழைத்தவர்களால் தட்டெழுதப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. நம் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அவற்றுள் ஒன்று. 2003-இல் இலங்கையைச் சேர்ந்த மயூரநாதன் அவர்கள் வளர்க்கத் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. 2012-இல் தொடங்கிய கணியம் என்னும் மின்னிதழ், கணினித் தொழில்நுட்பத்தைத் தமிழிலேயே விளக்கி வருகிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டெல். காணொளிப் பாடங்களைக் காண்பதற்குக் கட்டணமில்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறவே கட்டணம்.

மார்க்க அறிவு பற்றித் தனியே ஒரு சொல். கைபேசியைத் திறந்தால் ஃபத்வா கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. போதாக்குறைக்கு, 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தது முதல், கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் கூறும் இயந்திரங்களும் பெருகிவிட்டன. அவை சரியாகச் சொல்லும்போதும் தவறாகச் சொல்லும்போதும் ஒரே தொனியில்தான் சொல்கின்றன. இல்லாத நூலின் பெயரையும் இல்லாத ஹதீஸ் எண்ணையும் அவை கூறுவதுண்டு. இவ்விடத்தில் நம் முன்னோரின் இஸ்னாத் முறை உங்கள் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும். "இதைச் சொன்னவர் யார்? அவர் யாரிடம் கற்றார்? எந்த நூலில், எங்கே உள்ளது?" என்ற மூன்று கேள்விகளை மார்க்கச் செய்திக்கு மட்டுமின்றி, மருத்துவச் செய்திக்கும் அரசியல் செய்திக்கும் கேட்கப் பழக்குங்கள். விடை கிடைக்காவிடில், உள்ளூர் ஆலிமிடமோ பள்ளி ஆசிரியரிடமோ குறிப்பேட்டைக் கொண்டுபோய்க் காட்டட்டும்.

இனி, உம்மாமார்களே, உங்களிடம் சில வார்த்தைகள். மகளின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவது ஒரு தவறு. அதைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவது இன்னொரு தவறு. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த வீட்டு மதினியின் மகள், எதிர்வீட்டுப் பிள்ளை என நாலைந்து பேர் கூடட்டும். எல்லாருக்கும் ஒரே கைபேசி போதும். ஒன்றாயிருப்பது நல்லதும்கூட, ஏனெனில் ஒருத்தி இயக்க மற்றவர்கள் வாதிடுவார்கள். அறைக்கதவு சாத்தப்படாமல், கூடத்தில் நடுவே நடக்கட்டும். நீங்கள் அருகில் உட்காருங்கள். அரிசி புடைத்துக்கொண்டேகூட உட்காரலாம். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் உட்கார்ந்து என்ன செய்ய?" என்கிறீர்களா? தெரியாததே உங்கள் பலம். "அது என்னம்மா, எனக்கும் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி தமிழில் சொல்லத் தெரிந்தால் அவளுக்குப் பாடம் புரிந்துவிட்டது. திணறினால் இன்னொருமுறை பார்க்கட்டும். கேட்டவற்றையும் கேட்கத் தோன்றியவற்றையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

வாப்பாமார்கள் சபரிலிருந்து அழைக்கும்போது சாப்பிட்டாயா, தொழுதாயா என்று கேட்பதோடு, இந்த வாரம் என்ன படித்தாய் என்றும் கேட்கலாம். தொலைவிலிருந்தபடி தங்கைக்குக் கணக்குச் சொன்ன சல்மான் கானைப் போல, வளைகுடாவில் பொறியாளராகவோ கணக்காளராகவோ இருக்கும் காக்காமார்கள் வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரத்தை ஊரிலுள்ள தங்கைமார்களுக்குத் தரட்டும். பெருநாள் சேலையைவிட அது நெடுங்காலம் உழைக்கும்.

எஞ்சியிருப்பது சான்றிதழ். வீட்டில் எவ்வளவு கற்றாலும் வேலைக்கும் மேற்படிப்புக்கும் தாள் கேட்பார்கள். மாப்பிள்ளை வீட்டார்கூட இப்போது கேட்கிறார்கள். பள்ளிக்குச் செல்லாமலேயே எட்டாம் வகுப்புத் தேர்வையும் பத்தாம் வகுப்புத் தேர்வையும் தனித்தேர்வராக எழுத நம் மாநிலத்தில் வழியுண்டு. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு நேரடியாக எழுதுவோர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் தேர்வுக்கு மட்டும் விண்ணப்பித்தால் பயனில்லை. நாட்களையும் கட்டணத்தையும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஒவ்வொரு தேர்வுக்கும் முன்பாக அறிவிக்கும். பழைய மாற்றுச் சான்றிதழை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். வீடு மாறும்போது தொலைந்துபோகும் முதற் காகிதம் அதுதான்.